பர்லி இலையும் பங்குனி ஈரமும்: உறையூரிலிருந்து வேதாரண்யம் வரை

திங்கள், உறையூர்

திருச்சிக்கும் புகையிலைக்கும் உறவு சுருட்டால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ‘திருச்சினாப்பள்ளி சுருட்டு’ என்ற பெயரில் கப்பலேறிய சரக்கில் பெரும்பங்கு உறையூரில் சுற்றியது. இலை திண்டுக்கல் வட்டாரத்திலிருந்து வரும். இங்கே தரம் பிரிப்பார்கள், பதம் பார்ப்பார்கள், சுற்றுவார்கள். விளைந்த ஊர் ஒன்று, கைபட்ட ஊர் வேறு. சிறிய அளவில் பைப் கலவை, அதாவது பைப்பில் வைத்துப் புகைக்கும் புகையிலைக் கலவை, செய்கிறவர்களின் நிலைமையும் அதேதான். அதற்கு முக்கியமான பர்லி என்ற புகையிலை ரகம் காவிரிக் கரையில் விளைவதில்லை. ஆந்திரத்தில் வினுகொண்டா பக்கமும் கிழக்கு கோதாவரி மலைப்பகுதியிலும் விளைகிறது. டெல்டாவில் நாம் செய்யக்கூடியது அதை வாங்கிவந்து பதமாக வைத்து, வயதேற்றி, கலப்பது மட்டும்.

பையில் இருப்பது 3 கிலோ பர்லி நடு இலை, வர்ஜீனியா என்ற இன்னொரு ரகம் 1 கிலோ, காற்றின் ஈரம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், 0.1 கிராம் வரை காட்டும் தராசு. ஊர் ஊராகக் காற்று எப்படி மாறுகிறது, இலை அதற்கு எப்படி வளைந்துகொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே கடற்கரை வரை போவதுதான் திட்டம்.

பர்லியைப் பற்றிக் கொஞ்சம். 1864இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், பிரவுன் கவுண்டியில் ஜார்ஜ் வெப், ஜோசப் ஃபோர் என்ற இருவர், கெண்டக்கியின் பிராக்கன் கவுண்டியிலிருந்து வாங்கிய விதையை நாற்று விட்டார்கள். சில நாற்றுகள் வெளிறிப்போய் முளைத்தன. பச்சையம் குறைந்த அந்த நாற்றின் வழிவந்ததுதான் இன்றைய வெள்ளை பர்லி. அறுத்த செடியைக் கொட்டகையில் தொங்கவிட்டு, நெருப்பில்லாமல் வெறும் காற்றில் 6 முதல் 8 வாரம் உலர்த்துகிறார்கள். அத்தனை நாளும் இலை முழுதாகச் சாகாமல் தன்னிடமுள்ள சர்க்கரையைத் தானே தின்று தீர்க்கிறது. முடிவில் மிஞ்சும் சர்க்கரை ஒரு சதவீதம்கூடத் தேறாது. வர்ஜீனியாவை ஒரு வாரத்துக்குள் சூட்டறையில் உலர்த்திவிடுவதால் அதன் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது, 15, 20 சதவீதம் வரைகூட. இந்த ஒரு வித்தியாசம் மனதில் இருந்தால் போதும், பின்னால் வரும் வேலை எல்லாம் விளங்கிவிடும்.

இலை வாங்கும்போது முதலில் நடு நரம்பை வளைத்துப் பாருங்கள். படக்கென்று முறிய வேண்டும். இலைப்பரப்பு மொறுமொறுவென்று இருந்து நரம்பு மட்டும் ரப்பர் மாதிரி வளைந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். அடுக்கி வைத்த இரண்டாம் வாரம் அந்த நரம்பிலிருந்துதான் பூசணம் கிளம்பும். பச்சைத் திட்டு இருந்தால் அது வேகமாகக் காய்ந்த இலை. எத்தனை வருடம் வைத்தாலும் அந்தப் பச்சை வாசனை போகாது. கருத்து, எடை இழந்து, அழுகல் வாடை வீசினால் கொட்டகையில் ஈரம் அதிகமாகிக் கெட்ட இலை, அதையும் தொடாதீர்கள். மூக்கில் சுருக்கென்று ஏறும் அம்மோனியா வாடைக்கு மட்டும் பயப்பட வேண்டாம். அது பர்லியின் பிறவிக்குணம், வயதேறும்போது அடங்கும்.

பிற்பகல் 2 மணிக்கு 36 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 35. இந்த நேரத்தில் பர்லியைத் தொட்டால் தூள்தான். நரம்பு நீக்கும் வேலையை விடியற்காலைக்குத் தள்ளிவைத்தாயிற்று.

செவ்வாய், உறையூர் காலை, தஞ்சாவூர் மாலை

அதிகாலை 5 மணிக்குக் காற்றின் ஈரப்பதம் 78. இரவு முழுக்க மொட்டைமாடிக் கொடியில் தொங்கிய இலை துணிபோல மடங்குகிறது. தண்ணீர் தெளிக்கத் தேவையே இல்லை. நுனியில் பிடித்து நரம்பை அடிவரை ஒரே இழுப்பாக உரிக்கலாம். நரம்பு மொத்த எடையில் நாலில் ஒரு பங்கு போய்விடும். 3 கிலோவில் கைக்கு நிற்பது ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. விலை பேசும்போது இந்தக் கழிவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஈர இலையைக் கையாளும்போது கையுறை வேண்டும். நிகோடின் தண்ணீரில் கரைந்து தோல் வழியே ஏறும். தலைசுற்றல், குமட்டல் வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலை அவர்கள் கையெட்டும் இடத்தில் நடக்கக் கூடாது.

இனி இரண்டு ஈரங்கள். ஹைக்ரோமீட்டர் காட்டுவது காற்றின் ஈரம். இலைக்குள் இருப்பது வேறு. காற்று 60இல் நின்றால் இலை நாளடைவில் 12, 13 சதவீதத்தில் வந்து நிற்கும். 65இல் 14 போல. 70ஐத் தாண்டினால் இலையின் ஈரம் 16க்கு மேல் எகிறும், பூசணம் பிடிக்கத் தொடங்கும். 80இல் நீங்கள் என்ன செய்தாலும் அது வைக்கிற பதம் அல்ல, வேலை செய்கிற பதம். இவை தோராயமான எண்கள்தான். அடி இலைக்கும் நுனி இலைக்கும் கொஞ்சம் மாறும்.

இலையின் ஈரத்தை வீட்டிலேயே அளக்கலாம். சீவிய இலை 10 கிராம் எடுத்து, அடுமனை அடுப்பில் (ஓவன்) 100, 105 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து மறுபடி நிறுங்கள். 8.6 கிராம் நின்றால் ஈரம் 14 சதவீதம். ஆவியாகிற வாசனைப் பொருளும் கொஞ்சம் போவதால் எண் ஒரு பொட்டு கூடுதலாகத்தான் காட்டும், பரவாயில்லை.

தண்ணீர் சேர்க்கும் கணக்கை அனேகம் பேர் கண்ணளவில் விட்டுவிடுகிறார்கள். 10 சதவீத ஈரமுள்ள 1 கிலோ இலையில் உலர்ந்த பொருள் 900 கிராம். அதை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர 900ஐ 0.86ஆல் வகுத்தால் 1046. எனவே சேர்க்க வேண்டியது 46 மில்லி, அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரைத் தெளித்துவிட்டு ‘ஏன் பூத்துப்போச்சு’ என்று கேட்டால் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

தஞ்சாவூர் விடுதியில் ராத்திரி வேலை ஹைக்ரோமீட்டரைச் சோதிப்பது. மூடி போட்ட டப்பா, ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் தூள் உப்பு, சில சொட்டுத் தண்ணீர். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருந்தால் சரி. மீட்டரையும் உள்ளே வைத்து மூடி 12 மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். விலை குறைந்த மீட்டர்கள் 4, 5 புள்ளி தவறுவது சகஜம். வித்தியாசத்தைக் குறித்து முதுகில் ஒட்டிவிடுங்கள்.

புதன், கும்பகோணம்

காலையில் மீட்டர் 72 காட்டியது. இனி எல்லா அளவுக்கும் 3 கூட்டிக்கொள்ள வேண்டும். திங்கள் பிற்பகலில் எழுதிய 35உம் 38 என்று திருத்தப்பட்டது.

தஞ்சையிலிருந்து வரும் வழியில் அய்யம்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை. இருபுறமும் வெற்றிலைக் கொடிக்கால், அகத்தி நிழல். தண்ணீரில் நனைத்த சாக்குக்குள் வெற்றிலைக் கவுளியைச் சுற்றி அனுப்புகிறார்கள். வெற்றிலைக்கு ஈரம் உயிர். அதோடு சேர்ந்து வாய்க்குப் போகிற புகையிலைக்கு அதே ஈரம் எமன். ஒரே கடையில் இரண்டையும் அருகருகே வைத்து விற்ற பழைய வெற்றிலைபாக்குக் கடைக்காரர்கள் புகையிலையை மட்டும் ஏன் மூடிய தகர டப்பாவில் வைத்தார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இங்கே இரண்டு நாள் தங்கக் காரணம் அடுப்பு. கேசிங், வறுப்பு, ஆவி மூன்றையும் முடித்துவிட எண்ணம்.

கேசிங் என்பது இலைக்குச் சாறு ஏற்றுவது. சர்க்கரை இல்லாத பர்லி எதைக் கொடுத்தாலும் குடித்துவிடும். வர்ஜீனியா அந்த அளவுக்கு ஏற்காது. 1 கிலோ நரம்பு நீக்கிய பர்லிக்கு இங்கே எடுத்த அளவு: வெல்லம் 40 கிராம், இனிப்பில்லாத கோகோத் தூள் 20 கிராம், தட்டிய அதிமதுரம் 15 கிராம், தண்ணீர் 250 மில்லி. அதிமதுரத்தைத் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் 200 மில்லி போல நிற்கும். அதில் வெல்லத்தைக் கரைத்து மறுபடி வடிகட்டுங்கள், மண் இருக்கும். கோகோவை வெந்நீரில் குழைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். நேரே கொட்டினால் கட்டிதட்டி, இலையில் பழுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். பைப்பில் எரியும்போது அந்தப் புள்ளி கரிந்து கசக்கும்.

வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? வாசனை அபாரம், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குகிறார்கள். அந்தச் சுண்ணாம்பின் காரம் (புளிப்புக்கு எதிரான குணம், மிளகாய்க் காரம் அல்ல) கருப்பட்டியிலும் கொஞ்சம் தங்கும். பர்லிப் புகை ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. காரம் கூடக் கூட நிகோடின் கட்டவிழ்ந்து தொண்டையைப் பிடிக்கும். கருப்பட்டிதான் வேண்டும் என்றால் கரைத்து ஒரு இரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்து, அரை எலுமிச்சம்பழச் சாறு சேருங்கள். தொண்டையைப் பிடிப்பது குறையலாம்.

சாறு வெதுவெதுப்பாக இருக்கும்போதே தெளிப்பானால் அடுக்கடுக்காகத் தெளித்து, புரட்டி, மூடிய அண்டாவில் ஒரு இரவு. காலையில் தொட்டால் ஈரமாக இருக்க வேண்டும், அடியில் சாறு தேங்கி நிற்கக் கூடாது. தேங்கினால் இலை குடித்து முடிக்கவில்லை. இன்னொரு தடவை புரட்டி இன்னும் சில மணி நேரம் விடுங்கள்.

வியாழன், இன்னும் கும்பகோணம்

சாறேற்றிய பர்லியை அப்படியே காயவைத்தால் பாதி வேலைதான். வறுக்க வேண்டும். ஆலைகளில் இதற்கென்றே நீண்ட சூட்டறை வைத்து 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் இலையின் ஈரத்தை 5 சதவீதம் வரை இறக்குவார்கள். சர்க்கரையும் இலையிலுள்ள நைட்ரஜன் பொருட்களும் சூட்டில் சேர்ந்துதான் பர்லியின் அந்த வறுத்த கொட்டை மணம் பிறக்கிறது. வீட்டில் அடுமனை அடுப்பு 120 டிகிரி, தட்டில் இரண்டு விரல் கனம், 5 நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டல். முதலில் அம்மோனியா எழும்பும், சன்னலைத் திறந்து வையுங்கள். 15 நிமிடம் வாக்கில் வாடை மாறும். அந்த மாற்றம் தெரிந்த 3, 4 நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கரிந்த ரொட்டி வாசம் வந்துவிடும், அதை எந்தச் சாறாலும் மறைக்க முடியாது. இரும்புக் கடாயில் வறுப்பவர்களும் உண்டு. அடி ஒரு சூடு மேல் ஒரு சூடு என்பதால் ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் போடாமலிருப்பது நல்லது.

இறக்கியதும் தூளாக நொறுங்கும். ஆறவிட்டு, முன்பு சொன்ன கணக்கில் தண்ணீர் சேர்த்து 14க்குக் கொண்டுவந்தால் மடங்கத் தொடங்கும்.

அடுத்தது கேவண்டிஷ். ஆவியில் வேகவைத்துக் கறுக்க வைத்த இலை என்று புரிந்துகொண்டால் போதும். கடையில் தேடி அலைய வேண்டிய கருவி ஒன்றும் இல்லை, இட்லிப் பானை போதும். (இதற்கென்று தனிப் பானை வாங்குங்கள். மறுநாள் அதில் இட்லி அவிக்க நினைப்பவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.) இலையை 30 சதவீத ஈரத்துக்கு நனைத்து, துணியில் தளர்வாகப் பொதிந்து, தட்டில் வைத்து 6 மணி நேரம் ஆவி. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பொதியைப் பிரித்துப் புரட்டி, அடித்தண்ணீரை நிரப்ப வேண்டும். நிரப்புவது வெந்நீராக இருக்கட்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அறுந்து வேக்காடு சீராக வராது. மூடியிலிருந்து சொட்டும் நீர்தான் இங்கே வில்லன். அது விழுந்த இடத்தில் இலை கூழாகிச் சப்பென்று போகும். மூடிக்கு அடியில் கனத்த துணி கட்டினால் தீர்ந்தது. 6 மணி நேரத்தில் பர்லி கரும்பழுப்பு. முழுக் கறுப்பு வேண்டுமென்றால் பிரஷர் குக்கரில் இன்னும் 2 மணி நேரம். ஆனால் கறுப்பாக ஆக, குணம் குறைந்து வெறும் மிருதுதான் மிஞ்சும். 6 மணி நேரத்தோடு நிறுத்துவதே சரி என்பது இங்கே உள்ள கட்சி.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். இப்படிச் சாறேற்றி வறுத்த பர்லியை ஜாடியில் போட்டுப் பத்து வருடம் வைத்தால் பிரமாதமாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் பலர். அப்படி நடப்பதில்லை. கோகோ, அதிமதுர மணம் வருடத்துக்கு வருடம் மங்கும். வயதோடு ஆழம் கூடுவது வர்ஜீனியா, ஏனென்றால் மாறுவதற்கு அதனிடம் சர்க்கரை இருக்கிறது. பர்லியில் வயது செய்யும் வேலை வேறு: அம்மோனியா போகும், வைக்கோல் நெடி போகும், முரட்டுத்தனம் அடங்கும். அந்த வேலை சாறேற்றாத வெறும் இலையில்தான் நன்றாக நடக்கும். ஆகவே பர்லிக்கு வயதை இலையாக இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள், ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம். சாறு, வறுப்பு, கலவை எல்லாம் அதற்குப் பிறகு. கலந்த பின் ஒன்றுக்கொன்று சேர மூன்று நான்கு வாரம் போதும். கொண்டுவந்த 3 கிலோவில் 1 கிலோ மட்டும் இங்கே சாறேற்றியதும் மீதியைத் தொடாமல் வைத்ததும் அதனால்தான்.

வெள்ளி, மன்னார்குடி வழியாக

நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்த வழியும் இதுதான். மேட்டூர் ஜனவரி 28ஓடு மூடியாயிற்று, சம்பா அறுத்த தரிசில் உளுந்தும் பயறும் பறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நெல் கிடங்குகளைப் பார்த்தவுடன் ஒரு யோசனை வரும்: நெல்லும் 13, 14 சதவீத ஈரத்தில்தான் இருக்கிறது, பத்தாயத்தில் நெல்லுக்கு நடுவே இலையைப் புதைத்தால் ஈரம் ஆடாமல் நிற்குமே என்று. நிற்கும். ஆனால் வண்டு வரும். புகையிலை வண்டு என்ற பழுப்பு நிறச் சிறுவண்டுக்குப் புகையிலை மட்டும்தான் உணவு என்று நினைக்காதீர்கள். மஞ்சள், மிளகாய், மல்லி, தானியம் எல்லாவற்றிலும் குடியிருக்கும். வீட்டில் ஜாடியை மசாலா டப்பாக்கள் இருக்கும் அலமாரியில் வைப்பதும் இதே தப்புதான்.

இலையில் ஊசித்துளை, அடியில் நைந்த தூள் தெரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். நம்மூர்ச் சூட்டில் முட்டையிலிருந்து வண்டாக ஒன்றரை இரண்டு மாதம் போதும். வாங்கிய இலையை அடைப்பதற்கு முன் காற்றுப் புகாத பையில் போட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். சாதாரண ஃபிரிட்ஜின் மேல்தட்டு அவ்வளவு குளிராது. வெளியே எடுத்த பையை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்கள். குளிர்ந்த இலைமேல் டெல்டாக் காற்று பட்டால் அப்படியே நனைந்துவிடும்.

சனி, செம்போடை, வேதாரண்யம்

வயலில் புகையிலை. திருத்துறைப்பூண்டி தாண்டியதும் களிமண் போய் மணல் வந்துவிடுகிறது. மழைக்காலம் முடிந்து நட்டு, பங்குனி சித்திரையில் அறுவடை. மணலுக்கு அடியில் மேலாக நிற்பது நல்ல தண்ணீர், ஆழமாகத் தோண்டினால் உப்பு. அதனால் ஆழமில்லாத குட்டைகள். இங்கே விளைவது மெல்லும் புகையிலை. பத்து இலைக்குள் நிறுத்தி நுனியைக் கிள்ளி, சிம்பை ஒடித்துவிடுவதால் இலை ஒவ்வொன்றும் தடித்து, காரம் ஏறி, தோல்போல இருக்கும். பர்லியில் இருபது இலைவரை விடுவார்கள், அதனால் மெல்லிசு.

செடியோடு வெட்டி வயலில் வாடவிட்டு, வெயிலில் காயவைத்து, பிறகு அடுக்கிப் பாடம் போடுகிறார்கள். பாடம் போடுவதுதான் பைப் கலவைக்காரர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம். ஈரப்பதமான இலையை நெருக்கி அடுக்கி மூடினால் உள்ளே தானாகச் சூடு பிறக்கும். கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடு ஏறியதும் அடுக்கைப் பிரித்து, உள்ளது வெளியே வெளியே இருந்தது உள்ளே என்று மாற்றி அடுக்குகிறார்கள். சூடு அடங்கும்வரை இது நடக்கும். பிரிக்காமல் விட்டால் நடுவில் வெந்து கருகும், ஓரத்தில் பச்சையாகவே நிற்கும்.

இதை வீட்டில் 2 கிலோ இலையை வைத்துச் செய்ய முடியாது. சிறிய அடுக்கு தன் சூட்டைத் தக்கவைக்காது. பிறக்கிற சூடு அன்றன்றே வெளியே போய்விடும், ஈரம் மட்டும் தங்கும், பூசணம் பிடிக்கும். சிறிய அளவுக்குச் சூட்டை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். கெட்டுப்போன ஃபிரிட்ஜின் கூடு நல்ல பெட்டி. உள்ளே மெல்லச் சூடேறும் மின்சட்டியில் தண்ணீர், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி, காற்றைச் சுழற்றக் கம்ப்யூட்டர் விசிறி ஒன்று. சூடு 48 முதல் 50 டிகிரி, காற்றின் ஈரம் 70 பக்கம், 4 முதல் 6 வாரம். 45க்குக் கீழே இறங்கினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம், 60க்கு மேல் போனால் இலைக்குள் வேலை செய்யும் நொதிகள் செத்து வெறும் வேகல்தான் நடக்கும். மின்சாரம் போய் ஒரு இரவு முழுக்கச் சூடு விழுந்தால் காலையில் கதவைத் திறந்து ஈரத்தை வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டு வருட வயதுக்கு இது சமமா என்றால், முரட்டுத்தனம் போவதில் சமம், நயத்தில் இல்லை.

நன்றாகப் பாடமான மெல்லும் இலைமேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். இலையின் உப்புகள் மேலே வந்து படிந்தது அது. வியாபாரி அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார். பைப் இலையில் வெள்ளை தெரிந்தால் அந்த நம்பிக்கை வேண்டாம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். மணிமணியாக மின்னினால் உப்போ சர்க்கரையோ. நூல்நூலாக, பஞ்சாக இருந்து, முகர்ந்தால் மழையில் நனைந்த சாக்கு வாடை அடித்தால் பூசணம். மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்பார்கள். வேண்டாம், மொத்த ஜாடியையும் கொட்டுங்கள்.

இவ்வளவு நல்ல இலை பக்கத்தில் இருக்க, ஆந்திரப் பர்லி எதற்கு? காரணம் அந்த உப்புதான். கடலோர மண்ணிலும் உவர் நீரிலும் விளைந்த இலையில் குளோரைடு ஏறிவிடும். குளோரைடு 2 சதவீதத்தை நெருங்கினாலே நெருப்பு நிற்காது. மெல்லுவதற்கு அது குறையில்லை, புகைப்பதற்குக் குறை. கலவையில் 5 சதவீதம் சேர்த்தால் காரம் கூடும், அதற்கு மேல் போனால் தீப்பெட்டி காலியாகும். வாங்குகிற எந்த இலைக்கும் இந்தச் சோதனை செய்யலாம்: காய்ந்த இலை ஒன்றைப் பிடித்து ஓரத்தில் கங்கு வைத்து ஊதாமல் விடுங்கள். நல்ல பர்லியில் கங்கு ஓரமாக ஊர்ந்துகொண்டே போய்ச் சாம்பல் வெள்ளையாக விழும். இங்கத்து இலையில் கங்கு வைத்த இடத்திலேயே அணைந்து, கரி கறுப்பாக நிற்கிறது.

ஞாயிறு, அகஸ்தியம்பள்ளி, கோடியக்கரை

காலை 6 மணிக்கு, திருத்தியபின், 89. உப்பளத்தில் குவித்த உப்பே ஈரம் குடித்து மின்னுகிறது. இந்த உப்பை ஹைக்ரோமீட்டர் சோதனைக்கு எடுக்கக் கூடாது. சுத்திகரிக்காத கடலுப்பில் மக்னீசியம் குளோரைடு இருக்கும், அது 75ஐவிடக் குறைந்த ஈரத்திலேயே தண்ணீரை இழுத்துவிடும். மீட்டர் சரியாக இருந்தாலும் தப்பு என்று தோன்றும். கடைப் பாக்கெட் உப்பே நம்பகம்.

கோடியக்கரையில் வெளிமானும் நீர்ப்பறவைகளும் பார்த்தாயிற்று. மீதி நேரம் அடைக்கும் வேலைக்கு.

டெல்டாவில் இலையை அடைக்க நல்ல காலம் பங்குனியிலிருந்து ஆனி வரை, அதுவும் உள்நாட்டில், பகல் 11 மணிக்கு மேல். ஐப்பசி கார்த்திகையில் காற்றே 85, 90இல் நிற்கும்போது திறந்த ஜாடியில் நீங்கள் அடைப்பது மழையை. கடலோரத்தில் இன்றும் காத்திருந்து, பிற்பகல் 1 மணிக்குக் காற்று 64க்கு இறங்கியபின்தான் ஜாடி திறந்தது.

சாறேற்றாத பர்லி 14 சதவீதத்தில், இறுக்கமாக. வர்ஜீனியாவும் அதே ஈரத்தில், ஆனால் கொஞ்சம் தளர்வாக, ஜாடியில் மேலே இரண்டு விரல் காற்று விட்டு. ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடியே நல்லது. பீங்கான் ஊறுகாய் ஜாடியின் மூடி காற்றைத் தடுக்காது, துணி கட்டினாலும் தடுக்காது. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், வாசனை இரண்டு பக்கமும் போகும். ஓட்டு வீட்டுப் பரணிலோ தகரக் கூரைக்கு அடியிலோ வைக்காதீர்கள். பகல் சூட்டில் இலை விட்ட ஈரம் ராத்திரி கண்ணாடியில் முத்துமுத்தாக நின்று, அது படும் இலையில் பூசணம் தொடங்கும். வீட்டு நடுவறையில், தரையை ஒட்டி, சாக்கில் சுற்றி வைக்கலாம்.

சாறேற்றிய 1 கிலோவுக்கு இரண்டு கலவை. ஒன்று: வறுத்த பர்லி 60, வர்ஜீனியா 25, பர்லி கேவண்டிஷ் 15. இது நாள் முழுக்கப் புகைக்கிறவர்களுக்கு. இன்னொன்று: வறுத்த பர்லி 70, வர்ஜீனியா 20, பெரிக் 10. பெரிக் அமெரிக்காவின் லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாயில் ஒரு வருடம் அழுத்திப் புளிக்கவைத்த இலை, இங்கே அரிதாகத்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அந்த 10இல் 5 வேதாரண்யம் இலை, 5 கேவண்டிஷ். அதன் பழப்புளிப்பு வராது, காரத்தின் இடம் மட்டும் நிரம்பும். இரண்டாவது கலவையை அழுத்தினால் நன்றாகச் சேர்கிறது: 18 சதவீத ஈரத்தில், 15க்கு 10 சென்டிமீட்டர் தேக்குப் பெட்டியில் 250 கிராம், கார் ஜாக்கியால் இறுக்கி 3 நாள். எடுத்தவுடன் ஜாடியில் போடாதீர்கள், நிழலில் 13க்கு ஆறவிட்டுச் சீவுங்கள்.

இதெல்லாம் சொந்த உபயோகத்துக்கு. விற்பதென்றால் உரிமம், வரி, எச்சரிக்கைப் படம் என்று அது வேறு உலகம்.

ஒவ்வொரு ஜாடியின் மேலும் இலை, அறுவடை ஆண்டு, அடைத்த தேதி, அடைத்தபோது ஈரம், மூடியோடு சேர்த்து எடை. எடையைப் பலர் எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்துத் திறக்காமலேயே நிறுத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அரை கிலோ ஜாடியில் 1 கிராம் ஏறி இறங்கினால் பரவாயில்லை. 5 கிராம் குறைந்திருந்தால் ரப்பர் வளையம் போய்விட்டது, கூடியிருந்தாலும் அதே காரணம்தான், அது ஐப்பசியில் நடந்திருக்கும்.